ஆர்ர வளவு என்று முதலில் கேள்

ஸலாத்தைக் காலையிலேயே சொல்லிவிட்டேன் மகன். நீ ஹெல்மெட்டைக் கழற்றாமல் பதில் சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டாய். அதனால் அதை மறுபடி எழுதாமல் விஷயத்துக்கு வருகிறேன். நேரில் கதைக்கலாம் என்று இரண்டு தரம் வாயைத் திறந்தேன். இரண்டு தரமும் சத்தம்தான் வந்தது. உனக்குப் பொறுமை இல்லை. அது எங்கிருந்து வந்தது என்று உம்மாவிடம் கேட்டால் என்னைத்தான் காட்டுவாள். உனக்கும் எனக்கும் பத்தொன்பது வயதுதான் வித்தியாசம். பஸாரில் நம் இரண்டு பேரையும் சேர்த்துப் பார்க்கிறவர்கள் காக்காவும் தம்பியுமா என்று கேட்கிறார்கள். அப்படி இருக்கும்போது எதிரில் உட்கார வைத்துப் புத்தி சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது. எழுதினால் நீ குறுக்கே பேச முடியாது, நானும் சத்தம் போட முடியாது. வாசித்து முடி. பிறகு என்ன சொல்வதென்றாலும் சொல்.

நீ காணித் தரகு செய்யப் போகிறேன் என்றபோது நான் தடுக்கவில்லை. யுத்தம் முடிந்து ஒரு வருசமாகிறது. பாதையில் இருந்த சோதனைச் சாவடிகள் ஒவ்வொன்றாக எடுபடுகின்றன. கொழும்பிலிருந்து வான் பிடித்து வருகிறவர்கள் கடற்கரையில் இறங்கி, செருப்புக் காலால் மணலைத் தட்டிப் பார்த்து விலை கேட்கிறார்கள். தொழில் இருக்கிறது என்பது எனக்கும் தெரிகிறது. ஆனால் நீ கொண்டுவந்த முதல் வியாபாரம் எதுவென்று பார். சுனாமி வீட்டுத் திட்டத்தில் ஹாஜறா ராத்தாவின் வீடு. விற்கிறவர் அவருடைய புருசன் றபீக். வாங்குகிறவர் வரிப்பத்தான்சேனைப் போடியார், வயல்காரர், நல்ல மனிதர். ஞாயிற்றுக்கிழமை அவர் முற்பணத்தோடு உன் கடைக்கு வருகிறார். வீடு விலைப்பட்டிருப்பது ஹாஜறா ராத்தாவுக்குத் தெரியாது. அவருக்குத் தெரியாது என்பது உனக்குத் தெரியும். அதை நீ ஒளிக்கக்கூட இல்லை. பிளான் வரைய வேண்டும் என்று அந்த வீட்டுக் காணியின் அனுமதிப்பத்திரப் போட்டோப் பிரதியை என் மேசையில் போட்டாய். ராத்தா என்ன சொல்கிறார் என்று கேட்டேன். நீ சொன்ன பதில் இது: “பேர் றபீக் காக்காடதான், வாப்பா. சட்டம் சரி. போடியாரும் கேக்கல்ல, ராத்தாவும் கேக்கல்ல. நான் ஏன் சொல்லணும்?”

அந்தக் ‘கேக்கல்ல’ என்ற சொல்லைப் பற்றித்தான் இந்தக் கடிதம். அதற்கு முன் நீ போன மாசம் கேட்ட ஒரு கேள்விக்குப் பதில் பாக்கி இருக்கிறது. காணித் தரகருக்கு என்ன லைசன்ஸ் வேண்டும் என்று கேட்டாய். நான் வேலையில் இருந்தேன், பிறகு பார்ப்போம் என்றேன். இப்போது சொல்கிறேன். நீ செய்திருப்பது கடைப் பெயரைப் பிரதேச செயலகத்தில் பதிந்ததும் மாநகர சபையில் வியாபார அனுமதி எடுத்ததும்தான். அது உன் பெயர்ப்பலகைக்கும் நீ வாடகைக்கு எடுத்த அறைக்கும் கிடைத்த அனுமதி. உனக்குக் கிடைத்தது இல்லை. ஏலம் போடுகிறவர்களுக்கும் தரகர்களுக்கும் வருசா வருசம் உத்தரவுப் பத்திரம் வேண்டும் என்று வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம் ஒன்று இருப்பதாகக் காணிப் பத்திரம் எழுதுகிற நொத்தாரிசு சொல்வார். நம் பஸாரில் காணி விற்றுத் திரிகிற ஒருவரிடமாவது அப்படி ஒரு பத்திரத்தை நான் கண்டதில்லை. நீ போய் விசாரி. எடுக்க வேண்டும் என்றால் எடு, கடைச் சுவரில் கொழுவு. யாரும் கேட்கவில்லை என்று அதையும் விட்டுவிடாதே.

இதில் ஒரு விசித்திரம் இருக்கிறது. காணியை அளக்கிறவருக்கு உத்தரவு வேண்டும். நான் இருபது வருசமாகப் படவரைஞனாக இருக்கிறேன், தொழில்நுட்பக் கல்லூரியில் படித்தவன், கோடு தப்பாமல் வரைவேன். ஆனாலும் கீழே கையெழுத்து வைக்க எனக்கு உரிமை இல்லை. எங்கள் நில அளவையாளர் ஐயாதான் வைக்க வேண்டும். பிழை என்றால் அவருடைய உத்தரவு போகும். உறுதி எழுதுகிற நொத்தாரிசுக்கும் அப்படித்தான். அவர் முன்னால் எழுதாத காணி விற்பனை செல்லாது, அவர் தப்பு எழுதினால் அவர் தொழில் போகும். இவர்களை ஏற்றிக்கொண்டு போகிற ஓட்டோக்காரனுக்குக்கூட லைசன்ஸ் வேண்டும். இத்தனை பேரையும் ஒரு இடத்துக்குக் கொண்டுவந்து சேர்த்து, இரண்டு குடும்பத்தின் தலையெழுத்தை மாற்றுகிற வார்த்தையைக் கதைக்கிறவன் தரகன். அவனிடம் யாரும் ஒன்றும் கேட்பதில்லை. சில நாடுகளில் தரகனுக்குப் பரீட்சை வைக்கிறார்களாம். தெரிந்த குறையை மறைத்தால் லைசன்ஸைப் பறிப்பார்களாம். இங்கே உன்னிடமிருந்து பறிக்க ஒன்றும் இல்லை. அதனால் உனக்குச் சுகம் என்று நினைக்கிறாய். எனக்கு அதில்தான் பயம்.

அந்தப் போட்டோப் பிரதியில் வீட்டுத் துண்டின் இலக்கம் இருக்கிறதே, அதை எழுதியது என் கை. உனக்கு அப்போது பதினாறு வயது. கடல் வந்த அடுத்த வருசம், கடற்கரையிலிருந்து இவ்வளவு தூரத்துக்கு யாரும் வீடு கட்டக் கூடாது என்று அறிவித்து, உள்ளே வயல் பக்கம் நிலம் நிரப்பி வீட்டுத் திட்டம் தொடங்கினார்கள். எங்கள் ஐயாவுக்கு அளக்கிற வேலை கிடைத்தது. துண்டு பிரிப்பது, படம் வரைவது, பதிவு மேசையில் உட்கார்ந்து எந்தத் துண்டு யாருக்கு என்று எழுதுவது எல்லாம் என் பொறுப்பு. கொட்டில் போட்ட பள்ளிக்கூட வளாகத்தில் வரிசை. வெயில். எனக்கு வேலை முடிய வேண்டும். படிவத்தில் முதல் கட்டம் ‘குடும்பத் தலைவர்’. அதில் ஆணின் பெயரை எழுதிக்கொண்டே போனேன். வெளியூர்க்காரர் யாரோ அடித்துக்கொடுத்த படிவம். கட்டம் என்ன கேட்டதோ அதை நிரப்பினேன். கையெழுத்து அழகாக இருக்கிறது என்று பாராட்டும் வாங்கினேன்.

ஹாஜறா ராத்தா வந்தபோது அவருடைய மூத்த பிள்ளை கடலில் போய் நாற்பது நாள்கூடக் கழிந்திருக்காது என்று யாரோ காதில் சொன்னார்கள். அது சரியான கணக்கில்லை, மாசங்கள் ஆகியிருந்தன, ஆனால் அவரைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். மற்ற மகள் இடுப்பில். றபீக் பக்கத்தில் நின்றார். நான் றபீக்கின் பெயரை எழுதினேன். ராத்தா குனிந்து பார்த்தார். “தம்பி, உடஞ்ச வளவு என்ட உம்மா எனக்குத் தந்தது. புதுசு மட்டும் எப்பிடி இவர்ர ஆகும்?” என்றார். கட்டத்தில் குடும்பத் தலைவர் என்று இருக்கிறது, நான் என்ன செய்ய என்றேன். “அப்ப நான் ஆரு?” என்று கேட்டார். நான் அடுத்த கட்டத்தைப் பேனையால் தொட்டுக் காட்டினேன். அதில் ‘துணைவி’ என்று இருந்தது. வரிசையில் நின்ற ஆம்பிளைகள் சிரித்தார்கள். ராத்தா சிரிக்கவில்லை, கோபிக்கவும் இல்லை. மகளை மற்ற இடுப்புக்கு மாற்றிக்கொண்டு நகர்ந்தார். நான் அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

உனக்குத் தெரியாத ஒன்றும் இதில் இல்லை. நம் ஊர்ப் பக்கம் ஒரு வீட்டுக்கு முன்னால் நின்று ‘ஆர்ர வளவு?’ என்று கேட்டுப் பார். பொம்பிளையின் பெயரைத்தான் சொல்வார்கள். மரியம்பீவியின் வளவு, சித்தி சபீனாவின் வளவு. புருசன் ஹாஜியாராக இருந்தாலும் பள்ளிக்கூட அதிபராக இருந்தாலும் வீடும் நிலமும் சேர்ந்த அந்த வளவு அவளுடையது. அவளுக்கு அவள் உம்மா கொடுத்தது, அவள் தன் மகளுக்குக் கொடுக்கப்போவது. முஸ்லிம்களும் இப்படித்தான், பக்கத்துத் தமிழ் ஆட்களும் இப்படித்தான். ஆண் பிள்ளை கல்யாணம் முடித்து அங்கே போய் இருக்கிறவன். இந்தக் கரையில் பிறந்த ஒரு சின்னப் பிள்ளைக்குக்கூட இது தெரியும். எனக்கும் தெரியும். ஆனாலும் அன்று பேனையைப் பிடித்ததும் எனக்கு அது மறந்துபோனது. வேறு ஊரில் யாராவது அந்த மேசையில் உட்கார்ந்திருந்தால் அவர்களை மன்னிக்கலாம். உன் உம்மாவின் வளவில் சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்தவன் நான்.

பிறகு திருத்தப் பார்த்தேன். ஒரு வருசம் கழித்து ராத்தாவே வந்து, பத்திரத்தில் தன் பெயரையும் சேர்க்க வழி உண்டா என்று கேட்டார். பிரதேச செயலகக் கந்தோருக்கு நான் கூடப் போனேன். காணிப் பகுதியில் இருந்தவர் கெட்டவர் இல்லை. பத்திரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, பெயருக்கு ஒரு கோடுதான் இருக்கிறது, இரண்டு பேரை எழுதினால் ஒரு குடும்பத்துக்கு இரண்டு தலையா என்று மேலே கேட்பார்கள் என்றார். ராத்தா சொன்னார்: “அப்ப ஒரு தலைய எடுத்திடுங்க சேர். எந்தத் தலை எண்டு நான் சொல்றன்.” அதிகாரி சிரித்துவிட்டார், நானும் சிரித்துவிட்டேன். பிறகு அவர் தேநீர் குடிக்கப் போய்விட்டார். நாங்கள் பஸ் ஏறி வந்தோம். அதற்குப் பிறகும் இரண்டு தரம் போனோம். கோடு ஒன்றுதான். ஆகவே சட்டம் றபீக் பக்கம் என்று நீ சொல்வது முழு உண்மை. பிரதேச செயலாளர் சம்மதம் கொடுத்தால் அவர் விற்கலாம். சட்டத்தில் ஓட்டை இருக்கிறது என்று நான் உன்னோடு வாதாட வரவில்லை. சட்டம், படிவம், கந்தோர் எல்லாவற்றையும் கடந்து அந்த வீடு விலைபோக இப்போது குறுக்கே நிற்பது ஒரே ஒரு ஆளின் வாய். அது உன் வாய்.

‘கேக்கல்ல’ என்ற சொல்லை நீ கண்டுபிடிக்கவில்லை. நானும் சொல்லியிருக்கிறேன். திட்டத்து வேலை முடிந்து கையில் ஒன்றும் இல்லாத காலத்தில், கூட்டாளி ஒருவரோடு சேர்ந்து நானும் தரகு செய்தேன், உனக்கு நினைவிருக்கும். அவர் ஆள் பிடிப்பார், நான் அளந்து படம் கீறிக் கொடுப்பேன். கல்முனையில் கடற்கரையோரம் இருந்த கணபதியண்ணன் என்ற மீன்பிடிகாரர் எங்களிடம் வந்தார். கடலில் வீடு போனவர். இனிக் கடல் சத்தம் கேட்காத இடத்தில்தான் படுப்பேன் என்று பெண்சாதி சொல்லிவிட்டாளாம். நாங்கள் உள்ளே, வயலோரம் ஒரு துண்டு காட்டினோம். கோடை. நிலம் காய்ந்து வெடித்துக் கிடந்தது, ஓரத்தில் ஒரு மருத மரம். அண்ணனுக்குப் பிடித்துவிட்டது. அந்தத் துண்டுக்கு லெவல் எடுத்தவன் நான். பக்கத்துக் குளக்கட்டைவிட அது எவ்வளவு பள்ளம் என்று என் கையால் குறித்து வைத்திருந்தேன். மாரியில் குளம் நிரம்பினால் தண்ணீர் எங்கே வந்து நிற்கும் என்பது எனக்குக் கண்ணை மூடினாலும் தெரியும். அண்ணன் என்னிடம் எல்லையைக் கேட்டார், காட்டினேன். பாதை கேட்டார், காட்டினேன். தண்ணீரைப் பற்றிக் கேட்கவில்லை.

மாரி வந்தது. அண்ணன் ஆள் அனுப்பி என்னைக் கூப்பிட்டார். முழங்கால் தண்ணீரில் சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார். மேடு போட்டுக் கட்டிய சின்னக் கொட்டிலின் வாசலில் பெண்சாதி கட்டிலில் ஏறி உட்கார்ந்திருந்தாள். “காணிய எங்க எண்டு காட்டுங்க தம்பி. மரம் மட்டும்தான் தெரியுது” என்றார். பிறகு, “கடலுக்குப் பயந்துதான் இஞ்சால வந்த நான். இஞ்ச குளம் வீட்டுக்குள்ள வந்திட்டு” என்றார். சண்டை பிடிக்கிற குரல் இல்லை. லெவல் பார்த்த ஆளுக்குத் தெரிந்திருக்குமே என்று கேட்டார். நான் அப்போது உன் வயசுக்காரனைப் போலத்தான் பதில் சொன்னேன். நீங்கள் கேட்கவில்லையே அண்ணன் என்றேன். “கேக்கிறதுக்கு, எனக்கு என்ன கேக்கோணும் எண்டு தெரியாதே தம்பி” என்றார்.

நான் தரகை விட்டது அன்றைக்கு. கூட்டாளி விடவில்லை, என்னைப் பைத்தியம் என்றார். அண்ணனுக்கு மண் நிரப்ப உதவி செய்தேன், மேடு கொஞ்சம் உயர்ந்தது, அவ்வளவுதான். அவர் இன்னும் அங்கேதான் இருக்கிறார், மாரிக்கு மாரி கட்டிலை உயர்த்திக்கொண்டு. தரகனின் பொறுப்பு என்ன என்று என்னிடம் யாராவது கேட்டால் அவர் சொன்னதைத்தான் சொல்வேன். வாங்க வருகிறவனுக்கு எதைக் கேட்க வேண்டும் என்று தெரியாது. தெரிந்திருந்தால் உன்னிடம் வரமாட்டான். நீ கேட்டு வைத்திருக்க வேண்டும். சொந்த உறுதிக் காணியா அரசாங்கம் கொடுத்த பெர்மிட் காணியா, பதிவகத்தில் முந்திய கடன் கிடக்கிறதா, மாரியில் அது எப்படி இருக்கும், பாதை உண்மையிலேயே பாதையா அல்லது பக்கத்து வீட்டானின் இரக்கமா என்று எல்லாவற்றையும் நீ போய்ப் பார்த்து, அவன் கேட்காமலே சொல்ல வேண்டும். விற்கிறவனுக்கு வேலை செய்கிறாயா வாங்குகிறவனுக்கா என்பதை முதல் நாளே இரண்டு பேருக்கும் சொல். இரண்டு பக்கமும் தரகு வாங்கினால் அதையும் இரண்டு பேருக்கும் சொல். முற்பணம் உன் பையில் இருந்தாலும் அது உன் பணம் இல்லை, அதில் தேநீர்கூடக் குடிக்காதே. இதெல்லாம் உனக்குத் தெரியும் என்று முகத்தைச் சுளிப்பாய். சுளித்துக்கொள். தெரிந்தவன்தான் லெவல் எடுத்துவிட்டுச் சும்மா நின்றான்.

இப்போது இந்த வியாபாரத்தைப் பார். போடியார் யார்? மகளுக்குக் கல்யாணம் பேசியிருக்கிறார். மாப்பிள்ளை டவுனுக்குக் கிட்ட வீடு கேட்கிறான். அதற்காக அவர் குளத்துக்குக் கீழே நல்ல தண்ணிப் பாய்ச்சல் உள்ள வயலில் ஒரு துண்டை விற்கிறார். தன் மகளுக்கு வளவு கொடுக்க இன்னொரு பொம்பிளையின் வளவை, அவளுக்குத் தெரியாமல் வாங்கப் போகிறார். அது அவருக்கும் தெரியாது. தெரிந்தால் அந்த மனிதர் அந்த வாசலை மிதிப்பார் என்று நினைக்கிறாயா? பெண்ணைக் கொண்டுபோய்க் குடி வைத்த பிறகு, எதிர் வீட்டாள் ஒருத்தி தண்ணீர் எடுக்கும்போது இது ஹாஜறாவின் வளவல்லவா என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்தப் பிள்ளை அந்த வீட்டில் எப்படிச் சமைக்கும்?

றபீக்கை நான் திட்ட மாட்டேன். அவர் குடிகாரர் இல்லை, சூதாடி இல்லை. பாதை திறந்துவிட்டது, லொறி ஒன்று இருந்தால் அரிசி ஏற்றிக் கொழும்புக்கு ஓடலாம், இரண்டு வருசத்தில் இதைவிடப் பெரிய வீடு கட்டலாம் என்று கணக்குப் போடுகிறார். கணக்குச் சரியாகவும் இருக்கலாம். அதை ராத்தாவிடம் சொல்லி அவர் சம்மதித்தால் நான் ஏன் நடுவில் வருகிறேன்? சொல்லாமல் செய்கிறார் பார், அங்கேதான் அவருக்கே தெரிகிறது வீடு யாருடையது என்று. இன்னொன்று. பஸாரில் பழைய தரகர்கள் அத்தனை பேர் இருக்கும்போது, நேற்றுப் பலகை மாட்டிய உன்னிடம் அவர் ஏன் வந்தார் என்று யோசித்தாயா? மற்றவர்களிடம் போயிருப்பார். அவர்கள் ‘ராத்தா என்ன சொல்றா?’ என்று ஒரு கேள்வி கேட்டிருப்பார்கள். உன்னை அவர் கெட்டிக்காரன் என்று தேடி வரவில்லை மகன். கேட்க மாட்டாய் என்று தேடி வந்தார்.

இதை எழுதும்போது கோபம் வருகிறது என்று நினைக்காதே. கோபம் எனக்கு முன்பு நிறைய வந்தது, இப்போது அலுப்புத்தான் வருகிறது. கடல் வந்து எடுத்தது ஒரு பக்கம். அதற்குப் பிறகு படிவம் போட்டு எடுத்தோம், பிளான் கீறி எடுத்தோம், இப்போது சமாதானம் வந்து, விலை ஏறி, அதிலும் எடுக்கிறோம். ஒவ்வொரு தரமும் எல்லாம் சட்டப்படி. ஒவ்வொரு தரமும் என் கைக்கு ஏதாவது ஒரு வேலை அதில் இருக்கிறது. இந்தத் தரம் என் மகனின் கையும்.

பெருநாள் கழிந்தால் உனக்குக் கல்யாணம். நிந்தவூரில் உன் மாமனார் மகளுக்கு வீடு கட்டிக்கொண்டிருக்கிறார், போன கிழமை கொங்கிரீட் போட்டாகிவிட்டது என்று நீயே சொன்னாய். அன்றைக்குக் கடையில் உன் கூட்டாளி ஒருவன், வீட்டை உன் பேரிலும் எழுதச் சொல்லு மச்சான் என்று பகிடியாகச் சொன்னான். நீ சிரித்தாய். இல்லை என்று சொல்லவில்லை. நான் மறுபக்கம் திரும்பி நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். நானும் இப்படித்தான் ஒரு சூட்கேசும் வரைபலகையும் எடுத்துக்கொண்டு உன் உம்மாவின் வளவுக்கு வந்தவன். முதல் சில வருசம் எனக்கும் உள்ளுக்குள் குத்தும். சண்டை வந்தால் கோபித்துக்கொண்டு வெளியே போக வேண்டியது நான்தான். அவள் போகத் தேவையில்லை, அவள் இருப்பது அவளுடைய இடத்தில். தெருமுனைத் தேநீர்க் கடையில் நான் உட்கார்ந்திருக்கும் முறையைப் பார்த்தே இன்றைக்கு வீட்டில் என்ன என்று கடைக்காரர் கண்டுபிடித்துவிடுவார். ஆனால் ஒன்று சொல்கிறேன். சுனாமிக்குப் பிறகு நான் வேலை இல்லாமல் இருந்த காலத்தில், தரகை விட்டுவிட்டு வந்த காலத்தில், நம் தலைக்கு மேல் கூரை இருக்குமா என்று நான் ஒரு நாளும் யோசிக்கவில்லை. நான் எவ்வளவு முட்டாள்தனம் செய்தாலும் அந்த வீட்டை என்னால் விற்க முடியாது. நீயும் உன் தங்கச்சியும் நிம்மதியாகத் தூங்கியது என் சம்பாத்தியத்தால் இல்லை. என் பெயர் அதில் இல்லாததால்.

சரி. இனி வேலையைக் கதைப்போம். நான் போய் ராத்தாவிடம் சொல்லிவிடலாம். போடியாருக்கு ஒரு ஆளை அனுப்பலாம். செய்யவில்லை, ஞாயிறு வரைக்கும் செய்யவும் மாட்டேன். தரகன் நீ, சொல்ல வேண்டியவன் நீ. விட்டு விலகிவிடுகிறேன் என்று வந்து நிற்காதே, அதுவும் எனக்கு வேண்டாம். நீ விலகினால் றபீக் அடுத்த சந்தியில் இன்னொரு பையனைப் பிடிப்பார். நீ சுத்தம், வீடு போய்விடும். உனக்குத் தெரிந்ததை ராத்தாவுக்கும் போடியாருக்கும் சொல்லிவிட்டுத்தான் நீ இந்த வியாபாரத்திலிருந்து இறங்கலாம், அல்லது அதில் இருக்கலாம்.

பிளான் வரைந்துவிட்டேன். என் மேசையில் இருக்கிறது. எல்லை, அளவு, கிணறு, பின்பக்கத்து முருங்கை எல்லாம் சரி. ஒரு கட்டத்தை மட்டும் நிரப்பவில்லை. எங்கள் பிளானில் ‘உரிமை கோருபவர்’ என்று ஒரு கட்டம் இருக்கும். பத்திரம் யாரைச் சொல்கிறது என்பது அதில் வராது. அந்த நிலத்தில் நின்று யார் இது என்னுடையது என்று சொல்கிறாரோ அவருடைய பெயரைத்தான் எழுத வேண்டும். ஐயா எனக்கு முதல் நாள் சொல்லித்தந்தது அது. இரண்டு பேர் சொன்னால் இரண்டு பேரையும் எழுதலாம், அங்கே இடம் இருக்கிறது. ஐயா கையெழுத்து வைப்பார். நொத்தாரிசு அதைப் பார்ப்பார், போடியார் பார்ப்பார். நீ போய்க் கேட்டுக்கொண்டு வருகிற பெயரை நான் எழுதுகிறேன். நீ சொல்வதை அப்படியே எழுதுவேன், திருப்பிக் கேட்க மாட்டேன், போய் விசாரிக்கவும் மாட்டேன். அந்த அளவுக்கு உன்னை நம்புகிறேனா என்று கேட்டால், நம்பித்தான் ஆகவேண்டும், வேறு யாரிடமும் உனக்கு லைசன்ஸ் கிடைக்கப் போவதில்லை.

மோட்டார் சைக்கிளுக்குப் பெற்றோல் அடித்து வைத்திருக்கிறேன். அஸர் தொழுகைக்குப் பிறகு றபீக் பஸாரில் இருப்பார், ராத்தா வீட்டில் இருப்பார். கேற்றைத் தட்டு. அவர்தான் வந்து திறப்பார். ஹெல்மெட்டைக் கழற்று. ஸலாம் சொல். திறக்கிறவரிடம், வீட்டுக்காரர் இருக்கிறாரா என்று கேட்காதே.